முழங்கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் பல வீடுகளுக்குச் சனிக்கிழமைக் காலைகள் மைதானத்தில்தான் கழியும். பேட், ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி எல்லாம் காரில் ஏறிவிடும். நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து லிட்டில் லீக் அணிகளில் இப்போது தமிழ்ப் பெயர்கள் நிறையவே தென்படுகின்றன. அந்தப் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பையன் பேட்டை வீசுறான், பந்துல படவே மாட்டேங்குது. என்ன சொல்லிக்கொடுக்கறது?” சின்னப் பிள்ளைகள் அணிக்குத் துணைக் கோச்சாகப் பல வருஷமாக நிற்கிறேன். ஒவ்வொருவரிடமும் கார் நிறுத்துமிடத்தில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

பேஸ்பாலில் அடி காலில் தொடங்குகிறது. இடுப்பில் திரும்பி, தோள் வழியாக ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. ஆனால் வேலிக்குப் பின்னால் நின்று நாம் கத்துவதெல்லாம் கையைப் பற்றித்தான். “முழங்கையைத் தூக்கு”, “கையை வேகமா வீசு”, “பேட்டை மேல வை” என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்றைச் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வருகிற பந்தையும் பார்த்து அடிக்க வேண்டும். இது நடக்காது. வரிசை புரிந்துவிட்டால் சொல்லவேண்டிய வார்த்தைகளும் குறைந்துவிடும்.

முதலில் பேட்டைக் கவனியுங்கள். அடுத்த வருஷமும் ஆகும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி, பேட்டுக்குச் சரிப்படாது. கனமான பேட்டைத் தூக்கும் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து, தோளை இறக்கி, எப்படியாவது பேட்டைச் சுற்றிக் கொண்டுவரப் பார்ப்பான். அப்படிப் படிந்த பழக்கத்தைப் பிறகு எந்தக் கோச்சாலும் சுலபமாக எடுக்க முடியாது. பேட்டின் மேல் மைனஸ் 10, மைனஸ் 11 என்று எழுதியிருக்கும். அங்குலத்தில் உள்ள நீளத்திலிருந்து அவுன்ஸில் உள்ள எடையைக் கழித்தால் அந்த எண் வரும். 28 அங்குல பேட்டில் மைனஸ் 10 என்றால் எடை 18 அவுன்ஸ், நம் கணக்கில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கடையிலேயே பிள்ளையை ஒரு கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிஷம் நுனி சரியாமல் நின்றால் வாங்கலாம், தொங்கினால் சின்னதாகப் பாருங்கள். பழைய பேட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 2018 முதல் லிட்டில் லீக்கில் உலோக பேட் என்றால் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருந்தாக வேண்டும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பிடி. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கை கீழே, குமிழுக்குப் பக்கத்தில். வலது கை அதன் மேல், இடைவெளி இல்லாமல். கிரிக்கெட் பிடித்த கைக்கும் இதே வரிசைதான் என்பதால் நம் பிள்ளைகள் இதில் அதிகம் தடுமாறுவதில்லை. தடுமாறுவது உள்ளங்கையில்தான். பயத்தில் பேட்டை உள்ளங்கைக்குள் அழுத்தி, கட்டைவிரல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பேட் விரல்களின் அடிப்பகுதியில் படிந்திருக்க வேண்டும். கதவைத் தட்டும் விரல் முட்டிகள் இருக்கின்றனவே, இரண்டு கைகளிலும் அந்த முட்டிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால் பிடி சரி. இதைப் பிள்ளையே பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கைகளை மாற்றிப் பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். ஹேங்க் ஆரன் சிறுவயதில் அப்படித்தான் பிடித்தார், வலக்கை ஆட்டக்காரர் இடது கையை மேலே வைத்து. அலபாமாவின் மொபீல் நகரத்துத் தெருக்களில் தானாகவே ஆடப் பழகியவர். 1952இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணிக்குப் போன காலத்தில்கூட அந்தப் பிடி அவரிடம் இருந்தது. பிறகு மாற்றிக்கொண்டார். 755 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்றார்.

நிற்கிற விதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக, முழங்கால் லேசாக மடங்கி, எடை பாதத்தின் முன்பகுதியில். தோளில் கைவைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் போதும். அதற்குமேல் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வசதியானபடி நிற்கட்டும்.

கவனம் வேண்டியது அதற்கு அடுத்த நொடியில். பந்தை எறியக் கை தூக்கும் பிட்சரைப் பார்த்ததும் அடிப்பவர் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்காலைச் சின்னதாக எடுத்து வைக்க வேண்டும். கால் முன்னே போகும்போது கைகள் பின்னேயே இருக்க வேண்டும். இந்த இழுவையில்தான் அடியின் பலம் சேர்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் காலும் கையும் சேர்ந்தே முன்னே பாயும். பந்து வருவதற்குள் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெறும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள்.

முன்கால் எப்போது தரையில் படுகிறது என்பதும் முக்கியம். லிட்டில் லீக்கில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 46 அடி. பெரியவர்கள் ஆட்டத்தில் 60 அடி 6 அங்குலம். 12 வயதுப் பையன் மணிக்கு 60 மைல் வேகத்தில் எறிந்தால் அந்தப் பந்து அரை விநாடிக்குள் பிளேட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் காலைத் தூக்கி, வைத்து, பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, அடிக்கவும் வேண்டும். கால் காற்றில் இருக்கும்போது பந்து வந்து சேர்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்விங்கும் வீண். “பந்து பாதி தூரம் வர்றதுக்குள்ள கால் கீழ இருக்கணும்” என்று மட்டும் சொல்கிறேன். அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

டிவியில் பார்த்துவிட்டு முன்காலை உயரத் தூக்குகிற பிள்ளைகள் உண்டு. ஜப்பானின் சடஹாரு ஓ ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று 868 ஹோம் ரன் அடித்தார், உண்மைதான். அந்தச் சமநிலைக்கு அவரும் கோச் அரகாவாவும் வருஷக்கணக்கில் உழைத்தார்கள். ஷோஹெய் ஒஹ்தானி 2018இல் அமெரிக்காவுக்கு ஆட வந்தபோது காலை அப்படி உயரத் தூக்குவதை சீசன் தொடங்குவதற்கு முன்பே விட்டுவிட்டார். கால்விரலைத் தரையில் லேசாகத் தட்டி வைப்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். என் அணிப் பிள்ளைகளிடம் இந்தக் கதை நன்றாக எடுபடுகிறது.

இனி இடுப்பு. முன்கால் ஊன்றியதும் முதலில் திரும்ப வேண்டியது இடுப்புதான். “தொப்புள் பிட்சரைப் பார்க்கட்டும்” என்கிறேன். இங்கே மைதானங்களில் பல தலைமுறையாகச் சொல்லப்படுவது வேறு: பின்காலால் தரையில் பூச்சியை நசுக்குவதுபோல் திருகு என்பார்கள். நான் அதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். பாதம் மட்டும் திருகும், இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், எடை முழுக்கப் பின்காலிலேயே தங்கிவிடும். பெரிய ஆட்டக்காரர்களின் படங்களைப் பாருங்கள். பந்தைத் தொடும் நேரத்தில் அவர்களின் பின்கால் எடையிழந்து விரல்நுனியில் நிற்கும், சிலருக்குத் தரையை விட்டே எழும்பியிருக்கும். இடுப்பு திரும்பினால் பாதம் தானாகத் திரும்பும்.

கைகளுக்கு வருவோம். பந்தைத் தொடும் நேரத்தில் மேல் கையின் உள்ளங்கை வானத்தையும் கீழ்க் கையின் உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். நிற்கும் மரத்தைக் கோடாலியால் பக்கவாட்டில் வெட்டுகிறவரின் கைகள் எப்படி இருக்குமோ அப்படி. பந்தைத் தொடும் முன்பே மணிக்கட்டு புரண்டுவிட்டால் பந்து தரையோடு உருண்டு போகும்.

இந்தப் பதிவின் தலைப்புக்கு இப்போது வருகிறேன். “பின் முழங்கையைத் தூக்கு” என்பதுதான் மைதானத்தில் அதிகம் கேட்கும் கட்டளை. தூக்கி வைத்த முழங்கை ஸ்விங் தொடங்கியதும் இறங்கியே ஆக வேண்டும். பெரியவர்களின் உடம்புக்கு அதைச் சமாளிக்கும் பலம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லை. உயரத்திலிருந்து சரியும் முழங்கை கைகளை முந்திக்கொண்டு விலாவுக்கு முன்னால் பாய்ந்துவிடும். பேட்டின் நுனி பின்னால் தொங்கி இழுபடும். மார்பு உயரத்தில் வரும் பந்தையோ உடம்புக்குப் பக்கத்தில் வரும் பந்தையோ அந்தப் பிள்ளையால் தொடவே முடியாது.

எங்கள் அணிக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். நல்ல உயரம், நல்ல கண், ஓட்டமும் வேகம். ஆனால் பின் முழங்கை காதுக்கு மேலே இருக்கும். அவளுடைய மாமா சொல்லிக்கொடுத்ததாம். அசையாமல் பந்தை வைத்து அடிக்கப் பழகும் தண்டுக்கு டீ என்று பெயர். அந்த டீயை அவள் மார்பு உயரத்துக்கு ஏற்றிப் பந்தை வைத்தேன். அடித்தாள். பேட் பந்துக்குக் கீழே ரப்பர் தண்டில் ‘தொப்’ என்று பட்டு, பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் தொப். மறுபடியும். முகம் சுருங்கத் தொடங்கியது. நான் முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பேட்டைத் தோள்மேல சாய்ச்சு வெச்சுக்கோம்மா, சும்மா பாரம் இறக்கி வெச்ச மாதிரி. அங்கிருந்தே திரும்பு” என்றேன். பேட் தோளில் படிந்ததும் முழங்கை தானாகத் தளர்ந்து கீழே வந்தது. இடுப்பைத் திருப்பினாள். கைகள் நேராகப் பந்துக்குப் போயின. இந்தமுறை சத்தம் வேறு மாதிரி கேட்டது. பந்து வலையின் நடுவில் போய் அறைந்தது. “கோச், இன்னொண்ணு வைங்க” என்றாள். வாளியில் இருந்த பந்தெல்லாம் தீரும்வரை அதையே செய்தோம். அடுத்த சில வாரங்களுக்கு வேறு எதையும் அவளுக்கு நான் சொல்லவில்லை.

டீ குழந்தைகளுக்கானது, பந்து எறியத் தொடங்கியதும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சான் டியாகோ பேட்ரீஸ் அணிக்காக 20 சீசன் ஆடி எட்டு முறை பேட்டிங் பட்டம் வென்ற டோனி குவின் டீயை விட்டதேயில்லை. அசையாத பந்தில் பிள்ளை தன் உடம்பைக் கவனிக்க முடியும். வருகிற பந்தில் அது முடியாது. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டீயைப் பிளேட்டின் நடுவில் வைக்காமல், பிள்ளையின் முன்கால் ஊன்றும் கோட்டுக்கு நேராக முன்னே நகர்த்தி வையுங்கள். பந்தை உண்மையில் அங்கேதான் சந்திக்க வேண்டும். உடம்புக்குப் பக்கத்தில் வரும் பந்துக்கு இன்னும் கொஞ்சம் முன்னே, வெளிப்பக்கம் வரும் பந்துக்குச் சற்றுப் பின்னே. அடிப்பதற்கு முன் பிள்ளை ஒருமுறை பிட்சர் நிற்கும் திசையைப் பார்த்துவிட்டுப் பந்துக்குக் கண்ணைக் கொண்டுவரட்டும். இல்லையென்றால் குனிந்த தலையோடே அடிக்கப் பழகிவிடுவான்.

கைகளை அகல விரித்துப் பேட்டை வட்டமடித்துக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு வலைதான் மருந்து. குமிழைத் தொப்புளில் வைத்து, நுனி வலையைத் தொடும் தூரத்தில் நிற்கவைத்து, வலையில் படாமல் மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள். கம்பி வேலியில் செய்ய வேண்டாம், பேட் கெடும்.

மேலிருந்து கீழே வெட்டு என்று சொல்லும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். பந்து எப்படி வருகிறது என்று பாருங்கள். பிட்சரின் கையிலிருந்து பிளேட்டுக்கு அது இறங்கித்தான் வருகிறது. சின்னப் பிள்ளைகள் மெதுவாக எறிவதால் இன்னும் அதிகமாக இறங்குகிறது, நேரம் கூடக்கூட ஈர்ப்புவிசைக்கு வேலை கூடுகிறதல்லவா. மேலிருந்து வெட்டினால் பந்தின் பாதையும் பேட்டின் பாதையும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போயிற்று. லேசாக மேல்நோக்கி வரும் பேட் பந்தின் பாதையிலேயே கொஞ்ச தூரம் கூடவே போகும், பிழைக்கு இடம் கிடைக்கும். டெட் வில்லியம்ஸ் 1970களின் தொடக்கத்தில் வந்த ‘தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்’ புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார். 1941இல் .406 சராசரியோடு முடித்தவர் அவர், கணக்கில் சேரும் 1000 வாய்ப்புக்கு 406 ஹிட் என்ற விகிதம். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ ஒரு சீசனில் .400ஐ யாரும் தொடவில்லை. இடுப்பு முன்னே, கை பின்னே என்ற வரிசையையும் அவர் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் ‘மேல்நோக்கி அடி’ என்று சொல்லிவிடாதீர்கள். தோளைத் தொங்கவிட்டு வானத்துக்கு அடிக்கத் தொடங்குவார்கள். “வலையோட பின்பக்கத்துல, உன் தலைக்கு மேல அந்த முடிச்சுல அடி” என்று இலக்கைக் காட்டினால் உடம்பு தானாக அந்தப் பாதையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

கிரிக்கெட் ஆடி வளர்ந்த அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்காலைப் பந்தின் பிட்ச்சுக்குக் கொண்டுபோய், தலையை அதன்மேல் சாய்த்து, நேர் பேட்டில் ஆடு என்று நம் கைக்குள் ஊறியிருக்கிறது. பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் வருகிறது, பேட் உருண்டையாக இருக்கிறது. உடம்பு முன்னே போனால் சுழல முடியாது. தலை இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். கிரிக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துவர வேண்டுமென்றால் புல் ஷாட்டை எடுத்து வாருங்கள். அதில் இடுப்பு திரும்புவதும் இங்கே திரும்புவதும் கிட்டத்தட்ட ஒன்று. இன்னொன்று, அடித்ததும் நம் பிள்ளைகள் பேட்டோடு ஓடுவார்கள். பேட்டைக் கீழே விட்டுவிட்டு ஓடவும், வீசி எறியாமல் விடவும் முதல் வாரத்திலேயே பழக்குங்கள். பின்னால் கேட்சரும் அம்பயரும் நிற்கிறார்கள்.

“பந்தைப் பாரு” என்று எல்லோரும் சொல்கிறோம். 1984இல் டெரி பாஹில் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரால்கூடப் பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்புவரைதான் பந்தைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. பந்து பேட்டில் படும்வரை கண்ணை விடாமல் பின்தொடர் என்பது முடியாத வேலை. பிட்சரின் கையை விட்டுப் புறப்படும் இடத்தைப் பார் என்பது முடிகிற வேலை. பந்துகளில் சிவப்பு, நீலம் என்று மார்க்கரால் பெரிய புள்ளி வைத்து, மெதுவாக எறிந்து, அடிப்பதற்கு முன் நிறத்தைக் கத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. தலை அசையாமல் நிற்கப் பழகிவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம், ஒரு நேரத்தில் 20, 30 அடி, நடுவில் ஓய்வு. களைத்த உடம்பு தவறான ஸ்விங்கைத்தான் மனப்பாடம் செய்கிறது. ஆட்டத்தின்போது ஸ்விங்கைப் பற்றி எதுவுமே பேசாதீர்கள். அடிக்கப் போகும் பிள்ளைக்கு அவன் பெயரைச் சொல்லி ஒரு உற்சாகக் குரல் போதும்.

கடைசியாகப் பயம். எத்தனை சொல்லிக்கொடுத்தும் பந்து வரும்போது முன்கால் வெளிப்பக்கம் விலகி ஓடுகிறது என்றால் அங்கே ஸ்விங்கில் குறையில்லை. பந்து மேலே படும் என்று பிள்ளை பயப்படுகிறான், பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஏப்ரல் குளிரில் அலுமினிய பேட்டின் கைப்பிடிப் பக்கம் பந்து பட்டாலே விரல்கள் ஜிவ்வென்று எரியும். உடம்பில் பட்டால் கேட்கவே வேண்டாம். சில கோச்சுகள் கால் விலகாமல் இருக்கக் குதிகாலுக்குப் பின்னால் கட்டையையோ பேட்டையோ கிடத்துகிறார்கள். அதில் கால் பட்டுப் பிசகினால் கணுக்கால் போய்விடும், பயமும் அப்படியே இருக்கும்.

பந்து மேலே வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதே சரியான வழி. பெரும்பாலான பிள்ளைகள் மார்பைப் பிட்சருக்குக் காட்டி, பின்னால் சாய்ந்து, கையை முன்னே நீட்டுகிறார்கள். எது அடிபடக் கூடாதோ அத்தனையையும் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். செய்யவேண்டியது நேர்மாறு: முன்தோளைக் கேட்சர் பக்கம் உருட்டி, முதுகைப் பிட்சருக்குக் காட்டி, தாடையை மார்பில் புதைத்து, கைகளை வயிற்றோடு இழுத்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் போட்டு நிற்கவைத்து டென்னிஸ் பந்துகளை மெதுவாக முதுகுக்கு எறியுங்கள். இரண்டு பந்து நேராக பிளேட்டுக்கு, ஒன்று உடம்புக்கு, எது எப்போது வரும் என்று தெரியக்கூடாது. நல்ல பந்தை அடிக்கட்டும், உடம்புக்கு வருவதற்குத் திரும்பட்டும். டென்னிஸ் பந்து முதுகில் பட்டு எகிறும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சில பயிற்சிகளிலேயே முன்கால் பிட்சரை நோக்கி நேராக விழத் தொடங்குகிறது. மூன்று பந்து கொண்ட டப்பா ஒன்று வாங்கினால் போதும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியிலேயே இதைச் செய்துவிடலாம்.